எல்லையோரத்து மனிதர் இராபர்ட் ஷூமான்

விழா மலர் என்றால் அதில் ஒரு புனிதரின் வரலாறு இடம்பெற வேண்டும் என்பது நம் பங்குகளில் எழுதப்படாத விதி. புனித சவேரியாரைப் பற்றியும், அருளானந்தரைப் பற்றியும், பதுவை அந்தோனியாரைப் பற்றியும் நம் மக்கள் எத்தனையோ மலர்களில் படித்திருப்பார்கள். இம்முறை மலர்க் குழுவினர் நம்மிடம் கட்டுரை கேட்டபோது, பீடத்தில் சுரூபமாக இன்னும் ஏறாத ஒருவரைப் பற்றி எழுதினால் என்ன என்று தோன்றியது. அவர் குருவல்லர், துறவியுமல்லர். வக்கீலாகத் தொழில் செய்தவர், தேர்தலில் நின்றவர், வரவு செலவுத் திட்டம் போட்டவர், வேலைநிறுத்தங்களையும் சட்டசபை அமளியையும் சந்தித்த பிரதம மந்திரி. பெயர் இராபர்ட் ஷூமான். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த அதே பெயருடைய இசைமேதை வேறு; இவர் வேறு. நம் பாடகர் குழுவினர் குழம்ப வேண்டாம்.

1886-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள், புனித இராயப்பர் சின்னப்பர் திருநாளன்று, லக்சம்பர்க் நகரை ஒட்டிய கிளவுசன் என்னும் இடத்தில் இவர் பிறந்தார். தாய் லக்சம்பர்க் நாட்டவர். தந்தை எல்லைக்கு அப்பால் லொரேன் பகுதியின் எவ்ராஞ் கிராமத்தைச் சேர்ந்தவர். இந்த லொரேன் பகுதியின் கதையைச் சற்று விரிவாகச் சொன்னாலொழிய ஷூமானின் வாழ்க்கை விளங்காது.

பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையே உள்ள அந்த நிலத்தில் அக்காலத்தில் இரும்புத் தாது அளவின்றிக் கிடைத்தது. அங்கிருந்து வடகிழக்கே, ஜெர்மனியின் ரூர் பள்ளத்தாக்கில், நிலக்கரி கிடைத்தது. இரும்பும் கரியும் சேர்ந்தால் உருக்கு, உருக்கு இருந்தால் தண்டவாளம், பாலம், ஏர்முனை, பீரங்கியும் அதிலிருந்துதான். 1870-இல் மூண்ட போரில் பிரான்சு தோற்றது. 1871-இல் அல்சாஸ் பகுதியும் லொரேனின் ஒரு பாகமும் ஜெர்மனியோடு சேர்க்கப்பட்டன. பிரெஞ்சுக் குடிமகனாகப் பிறந்த ஷூமானின் தந்தை ஒரு கையெழுத்தில் ஜெர்மானியரானார். பின்னர் லக்சம்பர்க் சென்று குடியேறினார். ஆகவே மகன் லக்சம்பர்க் மண்ணில், ஜெர்மன் குடிமகனாக, பிரெஞ்சு நினைவுகள் நிறைந்த வீட்டில் வளர்ந்தார். வீட்டுப் பேச்சு லக்சம்பர்க் மொழி. ஜெர்மனும் பிரெஞ்சும் பள்ளியில் கற்றவை. பிற்காலத்தில் பிரான்சின் பிரதம மந்திரியாகப் பேசியபோதும் அவருடைய பிரெஞ்சில் எல்லையோரத்து வாடை வீசிக்கொண்டே இருந்தது. அதற்காக அவர் பட்ட ஏளனம் கொஞ்சமன்று.

தந்தை 1900-இல் இறந்தார். ஒரே பிள்ளையான இராபர்ட்டைத் தாய் தனியாக வளர்த்தார். பான், மூனிக், பெர்லின், ஸ்ட்ராஸ்பூர்க் ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்களில் சட்டம் பயின்று 1910-இல் முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டே பேரிடி விழுந்தது. உறவினர் திருமணம் ஒன்றுக்குச் சென்ற தாயார், குதிரை வண்டி விபத்தில் உயிரிழந்தார். உலகில் தமக்கிருந்த ஒரே உறவு அறுந்த நிலையில், குருவாகிவிடலாமா என்று இளைஞர் ஆழ்ந்து சிந்தித்தார். நெருங்கிய நண்பர் ஒருவர், வருங்காலத்துப் புனிதர்கள் அங்கி தரித்தவர்களாக அல்ல, கோட்டு அணிந்த பொதுநிலையினராக இருப்பார்கள் என்ற கருத்தில் அவருக்குக் கடிதம் எழுதித் தடுத்தார். குருமடத்தில் எட்டுப் பத்து ஆண்டுகளைக் கழித்த நம்மைப் போன்றோருக்கு அந்த நண்பர் மீது முதலில் சிறிது மனத்தாங்கல் உண்டாவது இயற்கை. நல்ல குரு ஒருவரைத் திருச்சபை இழந்தது அல்லவா! ஆனால் நண்பர் கூறியது சரி என்பதைப் பின்வந்த ஐம்பது ஆண்டுகள் காட்டின.

ஷூமான் திருமணம் செய்துகொள்ளவில்லை. இயன்ற நாளெல்லாம் திருப்பலி கண்டார், செபமாலையை விடவில்லை. 1912-இல் மெட்ஸ் நகரில் வக்கீல் அலுவலகம் திறந்தார். அந்நகர ஆயர் வில்லிபிரார்ட் பென்ஸ்லர், மறைமாவட்டக் கத்தோலிக்க இளைஞர் இயக்கங்களின் பொறுப்பை இவரிடம் கொடுத்தார். 1913-இல் ஜெர்மன் கத்தோலிக்கரின் மாபெரும் மாநாடு மெட்ஸில் கூடியபோது அதன் ஏற்பாடுகளில் முன்நின்றவர்களுள் இவரும் ஒருவர்.

மறு ஆண்டே முதல் உலகப் போர். உடல்நிலை காரணமாகப் போர்முனைக்கு அனுப்பப்படாமல், ஜெர்மன் நிருவாகத்தில் அலுவலகப் பணியில் வைக்கப்பட்டார். 1918-இல் ஜெர்மனி தோற்றது. லொரேன் மீண்டும் பிரான்சிடம் வந்தது. 32 வயதில், ஊரை விட்டு ஓரடி நகராமலே, ஷூமான் பிரெஞ்சுக்காரரானார். 1919-இல் மொசெல் மாவட்ட மக்கள் அவரைப் பாரீஸ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். 1940 வரை தொடர்ந்து அவரையே அனுப்பினர்.

அந்த இருபது ஆண்டுகள் அரசியல் மேடையில் ஆரவாரமற்றவை. ஜெர்மன் சட்டங்களின் கீழ் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு வாழ்ந்த மக்களைப் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் கொண்டுவரும் நுணுக்கமான வேலையை அவர் ஏற்றார். தொழிலாளர் காப்பீடு போன்றவற்றில் ஜெர்மன் சட்டமே சிறந்ததாக இருந்தது. அதைக் காப்பாற்ற வேண்டும். மறைப் பள்ளிகளையும், அரசுக்கும் திருச்சபைக்கும் இடையிலான பழைய உடன்படிக்கையையும் 1905-க்குப் பின் பிரான்சு கைவிட்டிருந்தது. எல்லைப் பகுதியிலோ அவை நடைமுறையில் இருந்தன. 1924-இல் பதவிக்கு வந்த அரசு அவற்றை நீக்க முயன்றபோது ஷூமான் எதிர்த்து நின்றார். அந்த முயற்சி கைவிடப்பட்டது. உரக்கப் பேசி வென்றாரில்லை. சட்டப் பிரிவுகளை விரல்நுனியில் வைத்திருந்து, களைக்காமல் வாதாடி வென்றார்.

இனி 1940. இந்த ஆண்டைப் பற்றி எழுதும்போது நாம் ஒன்றையும் மறைக்கப் போவதில்லை. அந்த ஆண்டு மார்ச்சில் அவர் அகதிகளுக்கான துணை அமைச்சரானார். எல்லைக் கிராமங்களிலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் மேற்கே அப்புறப்படுத்தப்பட்டிருந்த நேரம். மே, ஜூன் மாதங்களில் ஹிட்லரின் படைகள் பிரான்சைச் சுருட்டிவிட்டன. ஜூலை 10-ஆம் நாள் விஷி நகரில் கூடிய நாடாளுமன்றம், முதிய படைத்தலைவர் பெத்தேனிடம் முழு அதிகாரத்தையும் ஒப்படைக்க வாக்களித்தது. ஆதரவு 569, எதிர்ப்பு 80. ஷூமான் ஆதரித்தோர் வரிசையில் இருந்தார். போரை நிறுத்தி மக்களைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று அன்று பலரும் எண்ணினர் என்பது உண்மை. அந்த 80 பேர் வேறு விதமாக எண்ணினர் என்பதும் உண்மை. பெத்தேனின் ஆட்சி பின்னர் யூதர்களைப் பிடித்துக் கொடுக்கும் பாதகத்தில் இறங்கியது. ஷூமான் அந்த ஆட்சியில் நீடிக்கவில்லை. ஆயினும் அந்த ஒரு வாக்கு அவர் வரலாற்றில் கறையாகவே நிற்கிறது.

பதவியை விட்டவர், தம் மக்களின் நிலையை நேரில் காண செப்டம்பரில் மெட்ஸுக்குத் திரும்பினார். 14-ஆம் தேதி கெஸ்டாப்போ அவரைக் கைது செய்தது. நாஜிகளிடம் சிறைப்பட்ட முதல் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர் அவரே. ஏழு மாதம் மெட்ஸ் சிறையில் தனிமைக் கொட்டடி. தங்களோடு ஒத்துழைத்தால் விடுதலை என்று ஆசை காட்டினர்; இல்லையேல் டாக்கவ் வதை முகாம் என்று அச்சுறுத்தினர். அவர் இசையவில்லை. 1941-இல் ஜெர்மனியின் நோய்ஸ்டாட் என்னும் ஊரில் காவல் கண்காணிப்பில் வைத்தனர். அங்கே செய்தித்தாள்களையும் புள்ளிவிவர ஏடுகளையும் துருவிப் படித்து, ஜெர்மனியால் இந்தப் போரை வெல்ல இயலாது என்ற முடிவுக்கு வந்தார். எங்கும் வெற்றி முரசு கொட்டிய காலத்தில் அப்படி முடிவு கட்டத் தனித் துணிவு வேண்டும்.

1942 ஆகஸ்டில் தப்பினார். போலிச் சான்றுகளோடு, லிகுஜே ஆசீர்வாதப்பர் மடத்தில் தங்கி, ஆக்கிரமிக்கப்படாத தென் பிரான்சை அடைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அப்பகுதியையும் ஜெர்மானியர் பிடிக்கவே, போர் முடியும்வரை மடத்துக்கு மடம் மறைந்து வாழ்ந்தார். குருவாக விரும்பிய மனிதர் துறவிகளோடு மணி அடித்து எழுந்து, அவர்களோடு சங்கீதங்களைப் பாடி வாழும் வாய்ப்பை இவ்வாறு பெற்றார். அந்த மடங்களில்தான், போர் முடிந்தபின் ஜெர்மனியை என்ன செய்வது என்ற கேள்வியை அவர் இடைவிடாது சிந்தித்தார்.

விடுதலை வந்தது, அவருக்கு மட்டும் முழு விடுதலை வரவில்லை. பெத்தேனுக்கு வாக்களித்த உறுப்பினர்கள் தேர்தலில் நிற்கத் தகுதியற்றவர்கள் என்று புதிய அரசு அறிவித்திருந்தது. படைத்தலைவர் தெ லாத்ர் அவரைத் தம் ஆலோசகராக அழைத்துக்கொண்டபோது, உடனே நீக்குமாறு பாரீசிலிருந்து உத்தரவு வந்தது. ஷூமான் தளபதி டி காலுக்கு விண்ணப்பம் எழுதினார். விசாரணைக்குப் பின் 1945 செப்டம்பரில் தகுதி திருப்பித் தரப்பட்டது. அக்டோபர் தேர்தலில் மொசெல் மக்கள் மீண்டும் அவரைத் தேர்ந்தெடுத்தனர். தவறியவன் என்று ஒருமுறை பட்டியலில் ஏற்றப்பட்டு, பின்னர் மன்னிக்கப்பட்ட மனிதர் அவர். அடுத்து அவர் செய்ததைப் படிக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

போருக்குப் பிந்திய பிரான்சு பசியும் குளிருமாகக் கிடந்தது. ரொட்டிக்குப் பங்கீடு, கரிக்குப் பங்கீடு, பணத்துக்கு மதிப்பில்லை. 1946-இல் நிதியமைச்சர், 1947 நவம்பரில் பிரதம மந்திரி என்று ஷூமான் உயர்ந்தது ரோசாப் பாதையில் அன்று. பதவியேற்ற வாரத்தில் ஏறத்தாழ 30 லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தனர். டிசம்பர் 3 அன்று அராஸ் நகருக்கருகே தண்டவாளம் கழற்றப்பட்டு விரைவு ரயில் கவிழ, 16 பேர் மாண்டனர். நாடாளுமன்றத்தில் இரவு பகலாக அமளி. அவரை ஜெர்மானியன் என்று இழிவாகக் கூவினர் பொதுவுடைமைக் கட்சியினர். அவர் பதிலுக்குக் கூவவில்லை. உறுதியையும் தளர்த்தவில்லை. தொழிலாளருக்குச் சலுகை அறிவித்தார். வன்முறைக்கு எதிராகச் சட்டமும் கொண்டுவந்தார். வேலைநிறுத்தம் அடங்கியது. தொழிலாளரின் பசி உண்மையானது என்பதையும் நாம் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1948 ஜூலை முதல் 1953 ஜனவரி வரை அவர் வெளிநாட்டு அமைச்சர். அக்காலத்தில் பிரான்சில் அமைச்சரவைகள் மாரிக்காலத்து ஈசல் போலத் தோன்றி மறைந்தன. பிரதமர்கள் பலர் மாறியும் ஷூமான் மட்டும் அந்த நாற்காலியில் தொடர்ந்தார். அமைச்சகத்தை விட்டுப் புறப்படுமுன் வெற்று அறைகளில் எரியும் விளக்குகளைத் தாமே அணைத்துவிட்டுப் போவார் என்று சொல்வார்கள். வார இறுதியில் ரயிலேறி, மெட்ஸ் நகருக்கு வெளியே மலைச்சரிவில் உள்ள ஸி-ஷாசெல் என்னும் சிற்றூரில் தம் வீட்டுக்குப் போய்விடுவார். பழைய நூல்களும் பெரியோர் கைப்பட எழுதிய கடிதங்களும் சேகரிப்பதே அவருடைய ஒரே ஆடம்பரம்.

1949-இல் மேற்கு ஜெர்மனி தனி நாடாக உருவாயிற்று. கொன்ராட் அடனாவர் அதன் முதல் தலைமை அமைச்சர். கொலோன் நகரின் மேயராக இருந்து, 1933-இல் நாஜிகளால் பதவி பறிக்கப்பட்டு, மரியா லாக் மடத்தில் அடைக்கலம் புகுந்தவர் அவர். இத்தாலியில் அல்சிதே தெ காஸ்பெரி பிரதமர். இவரும் எல்லையோரத்தவரே: ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்த திரெந்தீனோவில் பிறந்து, வியன்னா நாடாளுமன்றத்தில் அமர்ந்து, பின்னர் முசோலினியால் சிறைப்பட்டு, வத்திக்கான் நூலகத்தில் வேலை பார்த்துக் குடும்பம் காத்தவர். மூவரும் கத்தோலிக்கர். மூவரும் தம் நாட்டு அரசால் அல்லது அந்நிய அரசால் சிறையோ தலைமறைவோ கண்டவர்கள். மூவருக்கும் ஜெர்மன் மொழி தெரியும். மொழிபெயர்ப்பாளரின்றிப் பேசிக்கொள்ள முடிந்தது.

ஆயினும் நட்பு மட்டும் போதவில்லை. 1950 ஜனவரியில் ஷூமான் பான் நகருக்குச் சென்றபோது வரவேற்பு குளிர்ந்தே இருந்தது. கரிச்சுரங்கங்கள் நிறைந்த சார் பகுதியைப் பிரான்சு தன் பிடியில் வைத்திருந்ததே காரணம். ரூர் கரியும் உருக்கும் வெற்றி பெற்ற நாடுகளின் கண்காணிப்பில் இருந்தன. ஜெர்மானியருக்கு மனக்கசப்பு. பிரெஞ்சுக்காரருக்கோ, கட்டை அவிழ்த்தால் நான்காம் முறையும் படையெடுத்து வருவானோ என்ற பயம். 1870, 1914, 1939 என்று எழுபது ஆண்டுக்குள் மூன்று போர் கண்ட மக்களின் பயத்தைக் கோழைத்தனம் என்று யார் சொல்லக்கூடும்? மே மாதம் லண்டனில் கூடவிருந்த மாநாட்டுக்கு, ஜெர்மனியைப் பற்றி ஒரு யோசனையோடு வருமாறு அமெரிக்க அமைச்சர் ஆச்செசன் ஷூமானையே கேட்டிருந்தார். நாள் நெருங்கியது. ஷூமானின் கையில் யோசனை ஏதுமில்லை.

யோசனை ழான் மொனேயிடம் இருந்து வந்தது. கொஞ்ஞாக் ஊர் மது வணிகக் குடும்பத்தில் பிறந்தவர், பல்கலைக்கழகம் காணாதவர், எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை, பிரான்சின் பொருளாதாரத் திட்டக் குழுத் தலைவர். பிரான்சு, ஜெர்மனி இரண்டின் கரியையும் உருக்கையும் முழுவதுமாக ஒரே பொது அதிகாரத்தின் கீழ் வைப்பது, அந்த அதிகாரத்தின் முடிவு இரு அரசுகளையும் கட்டுப்படுத்துவது, விரும்பும் மற்ற நாடுகளும் சேரலாம் என்பது, இவ்வளவே திட்டம். கிராமங்களில் பங்குத்தந்தையாக இருந்த நமக்கு இதன் பொருள் உடனே விளங்குகிறது. வாய்க்கால் தண்ணீருக்காக வெட்டிக்கொண்ட பங்காளிகளைக் கூட்டி, ஒற்றுமையாக இருங்கள் என்று பிரசங்கம் செய்தால் பூசை முடியும் வரைதான் ஒற்றுமை. கிணற்றையே பொதுவாக்கி, முறை வைத்து, கணக்குப் பார்க்க ஒருவரை நியமித்தால் ஒருவன் மடையை மற்றவன் இரகசியமாகத் திருப்ப முடியாது. கரியும் உருக்கும் பொதுவில் இருந்தால் எவனும் மற்றவனுக்குத் தெரியாமல் பீரங்கி வார்க்க முடியாது.

ஏப்ரல் இறுதி வார விடுமுறைக்கு ஷூமான் ரயிலேறும்போது, அவருடைய செயலர் பெர்னார் கிளாப்பியே அந்தத் தாள்களைக் கையில் கொடுத்தார். ஸி-ஷாசெல் வீட்டின் தனிமையில் அவர் அவற்றைப் படித்தார். அந்த வீட்டிலிருந்து பார்த்தால் மொசெல் நதிப் பள்ளத்தாக்கு தெரியும். சுற்றிலும் மூன்று போர்களின் கல்லறைகள். திங்கட்கிழமை பாரீஸ் ரயில் நிலையத்தில் இறங்கியவுடன், தாம் ஏற்றுக்கொண்டதாகச் செயலரிடம் தெரிவித்துவிட்டார். திட்டம் மொனேயினுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் திட்டம் போடுபவன் இழப்பதற்கு என்ன இருக்கிறது? ஜெர்மானியன் என்று ஏற்கெனவே கூவப்பட்ட அமைச்சர், போர் முடிந்த ஐந்தே ஆண்டில், ஜெர்மனியைச் சமமாக அமர்த்தும் திட்டத்துக்குத் தம் பெயரைக் கொடுப்பது அரசியல் தற்கொலையாக முடிந்திருக்கலாம்.

1950 மே 9. பாரீசில் அமைச்சரவை கூடியிருந்தது. அதே காலையில் ஷூமானின் கடிதத்தோடு ஒரு தூதர் பான் நகரில் அடனாவரின் வாசலில் நின்றார். அடனாவர் படித்தார், முழு மனதோடு இசைந்தார். செய்தி தொலைபேசியில் வந்தபின்னரே ஷூமான் அமைச்சரவையில் விஷயத்தை எடுத்துரைத்தார். ஒப்புதல் கிடைத்தது. மாலை 6 மணிக்கு வெளிநாட்டு அமைச்சகத்தின் கடிகார மண்டபத்தில், நிருபர்கள் முன், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தாழ்ந்த குரலில் அறிக்கையை வாசித்தார். அவசரத்தில் புகைப்படக்காரரைக்கூட அழைக்கவில்லையாம். இன்று நாம் காணும் படம் பின்னொரு நாள் மீண்டும் உட்கார்ந்து எடுத்தது. இது இருட்டில் குதிப்பது போன்றதா என்று ஒரு நிருபர் கேட்டதற்கு, அப்படித்தான் என்று ஒத்துக்கொண்டு லண்டன் ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார்.

பிரிட்டன் சேரவில்லை. முன்கூட்டிச் சொல்லவில்லையே என்று அந்நாட்டு அமைச்சர் பெவினுக்குக் கடும் கோபம். பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் 1951 ஏப்ரல் 18 அன்று பாரீசில் ஒப்பந்தம் செய்தன. பிரெஞ்சு அச்சு, டச்சுத் தாள், ஜெர்மன் மை என்று ஒவ்வொரு நாடும் ஒன்று கொடுத்து அந்த ஏட்டைத் தயாரித்ததாகவும், வாசகம் முற்றுப்பெறாததால் அமைச்சர்கள் ஏறத்தாழ வெற்றுத்தாளில் கையெழுத்திட்டதாகவும் சொல்வதுண்டு. 1952-இல் ஒன்பது பேர் கொண்ட உயர் அதிகாரக் குழு லக்சம்பர்க்கில் வேலை தொடங்கியது. ஷூமான் பிறந்த ஊரே அதற்கு இருப்பிடமாயிற்று. மொனே முதல் தலைவர். சுரங்கம் மூடி வேலையிழந்தோருக்கு உதவியும், தொழிலாளருக்கு வீடும் அந்தப் பொது நிதியிலிருந்து வந்தன.

இது வத்திக்கானின் சூழ்ச்சி, மூன்று கத்தோலிக்கர் கூடிச் செய்த சதி என்று எதிரிகள் எழுதினர். நம்மவர் சிலரோ இதையே பெருமையாகத் திருப்பிச் சொல்வதுண்டு. இரண்டும் சரியல்ல. மொனேயும், பெல்ஜியத்தின் சோசலிஸ்டுத் தலைவர் ஸ்பாக்கும், இன்னும் எத்தனையோ பேரும் கைகொடுத்த வேலை அது. ஷூமான் சட்டப் பிரிவுகளில் மறைக்கல்வியைத் திணிக்கவில்லை. பகைவனை நேசிப்பது என்ற கட்டளையைக் கரி விலைப்பட்டியலாகவும் சுங்கவரி அட்டவணையாகவும் எழுதிக் கொடுத்தார்.

அவர் கை எட்டாத இடங்களும் இருந்தன. ஐரோப்பாவில் சமத்துவம் பேசிய பிரான்சு, இந்தோசீனாவில் போர் நடத்திக்கொண்டிருந்தது. துனீசியா தன்னாட்சியை நோக்கிச் செல்லும் என்று 1950-இல் ஷூமான் கூறினார். 1951 டிசம்பரில் அவர் கையெழுத்திட்ட கடிதமே அந்த நம்பிக்கையை முறித்தது. குடியேறிய பிரெஞ்சுக்காரரும் அதிகாரிகளும் நெருக்கினர்; அவர் வளைந்தார். பதவி விட்டபின், அங்குள்ள அதிகாரிகள் அமைச்சரின் சொல்லைக் கேட்பதில்லை என்று எழுதினார். உண்மைதான், ஆனால் பதவியில் இருந்தபோதே அதைச் சொல்லியிருக்கலாம் என்பது நம் எண்ணம். நம் புதுவை, காரைக்கால் மக்களுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவிலிருந்த பிரெஞ்சுப் பகுதிகளின் எதிர்காலத்தை அங்குள்ள மக்களே தீர்மானிக்கலாம் என்று பிரான்சு 1948 ஜூனில் அறிவித்தபோது பிரதமராக இருந்தவர் ஷூமான். சந்திரநாகூர் 1949-இல் வாக்களித்து இந்தியாவை ஏற்றது. புதுவையும் காரைக்காலும் இந்தியாவின் கைக்கு வர 1954 நவம்பர் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரே ஐரோப்பியப் படை என்ற திட்டத்தை அவர் ஆதரித்தார். அதன் சுமையே 1953-இல் அவரைப் பதவியிலிருந்து தள்ளியது. 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றமே அத்திட்டத்தைக் கொன்றது. பதினோரு நாள் முன்னர்தான் தெ காஸ்பெரி கண்மூடியிருந்தார். சார் மக்கள் 1955-இல் வாக்களித்து, 1957-இல் ஜெர்மனியோடு சேர்ந்தனர். பிரான்சு அமைதியாக விட்டுக்கொடுத்தது. இருபது ஆண்டு முன்பு இது போருக்குப் போதுமான காரணம். அதே 1957 மார்ச் 25-இல் உரோமையில் ஆறு நாடுகளும் பொதுச் சந்தை ஒப்பந்தம் செய்தன. மறு ஆண்டு புதிய ஐரோப்பிய மன்றம் ஷூமானைத் தன் தலைவராக ஏகமனதாகத் தேர்ந்தது. ஜெர்மனியின் ஆகன் நகரம் தன் சார்லமேன் விருதை அவருக்கு அளித்தது.

பிறகு நோய் வந்தது. மூளை இரத்த ஓட்டம் குறைந்து, நினைவும் நடையும் தளர்ந்தன. 1961 ஜனவரியில் ஒருநாள் மாலை உலாவப் போனவர் வழி தவறி, இரவு முழுவதும் பனியில் கிடந்தார். மறுநாள் காலையில்தான் கண்டெடுத்தனர். தாம் நெடுங்காலம் அறிந்த மண்ணில், தம் வீட்டுக்கு அருகிலேயே அவர் தொலைந்துபோனார் என்பதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. 1962 ஜூலையில் டி காலும் அடனாவரும் ரெய்ம்ஸ் பேராலயத்தில் அருகருகே நின்று திருப்பலி கண்டனர். அதற்கு வழி வெட்டியவர் அப்போது வீட்டோடு முடங்கிக் கிடந்தார்.

1963 செப்டம்பர் 4-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 1990-இல் மெட்ஸ் மறைமாவட்டம் அவருடைய புனிதர் பட்டத்துக்கான விசாரணையைத் தொடங்கியது. 2021 ஜூன் 19 அன்று, அவர் வீரத்துவப் புண்ணியங்களோடு வாழ்ந்தவர் என்ற ஆணையைத் திருத்தந்தை பிரான்சிஸ் அங்கீகரித்து, வணக்கத்துக்குரியவர் என்னும் நிலைக்கு உயர்த்தினார். 1940 ஜூலையின் வாக்கும் அந்த விசாரணைக் கட்டுகளில் இடம்பெற்ற ஒரு தாள்தான்.

அவரை முதலில் ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்தனர். 1966-இல் அவர் வீட்டுக்கு எதிரே உள்ள புனித குவிந்தீன் ஆலயத்துக்குள் அவருடைய உடலைக் கொண்டுவந்து வைத்தனர். பழங்காலப் போர்களில் ஊர் மக்கள் உள்ளே ஒளிந்து தப்புவதற்காகக் கோட்டை போலக் கட்டிய சிறு ஆலயம் அது. அதன் வாசலில் நின்றால், 1950-இல் அந்தத் தாள்களை அவர் படித்த வீடு எதிரே தெரியும்.